மக்ரிப் தேசங்களும் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதிகளும்



அமெரிக்காவுக்கும் முஸ்லிம் நாடுகளுக்கும் இடையிலான உறவு ஆரம்பம் முதலே பகைமை நிறைந்ததாக இருந்தது என்று கூறுவோர் பலர். 1801ஆம் ஆண்டு திரிப்பொலியுடன் மூண்ட போரை அவர்கள் அதற்குச் சான்றாகக் காட்டுவர். மேற்குலகில் ஒரு சாரார் அப்போரை இஸ்லாம் நாகரிக உலகின் மீது தொடுத்த தாக்குதல் என்பர். எம்மவரில் ஒரு சாரார் அதனைச் சிலுவை யுத்தங்களின் தொடர்ச்சி என்பர். இவ்விரு சாராரும் ஒரே வரலாற்றின் பாதியை மாத்திரம் வாசித்தவர்களாவர்.

அக்கால ஆவணங்களை நிதானமாகப் புரட்டிப் பார்க்கின்றபோது வேறொரு காட்சி தென்படுகின்றது. புதிதாகப் பிறந்த அந்நாட்டின் முதல் ஜனாதிபதிகள் ஒரே கடற்கரையில் நான்கு முஸ்லிம் ஆட்சிகளைச் சந்தித்தனர். ஓர் இடத்தில் வாக்கைக் கொடுத்து வாக்கைப் பெற்றனர். மற்றோர் இடத்தில் பொன்னைக் கொடுத்துச் சமாதானம் வாங்கினர். வேறோர் இடத்தில் பீரங்கியை நாடினர். இம்மூன்றில் எது நிலைத்தது, எது அழிந்தது என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

கடற்படை இல்லாத ஒரு நாடு

1776இல் சுதந்திரப் பிரகடனம் செய்த அமெரிக்கக் குடியேற்றங்கள், 1783இல் பாரிஸ் உடன்படிக்கையின் மூலம் பிரித்தானியாவிடமிருந்து விடுதலையை உறுதி செய்துகொண்டன. அரசியல் சுதந்திரம் கிடைத்ததேயன்றி, கஜானா வெறுமையாகவும் கடன் சுமை பெரிதாகவும் இருந்தது. விடுதலைப் போரில் பங்குபற்றிய கப்பல்களுள் எஞ்சியிருந்த இறுதிப் போர்க்கப்பலைக்கூட 1785இல் விற்றுவிட்டனர். அவ்வேளையில் ஒரு கடற்படைக் கப்பலேனும் அந்நாட்டிடம் இருக்கவில்லை.

அதுவரை அமெரிக்க வணிகக் கப்பல்கள் பிரித்தானியக் கொடியின் கீழ் மத்தியதரைக் கடலில் பாதுகாப்பாகப் பயணித்து வந்தன. பிரித்தானிய மன்னர் வட ஆபிரிக்க ஆட்சியாளர்களுடன் செய்திருந்த ஒப்பந்தங்களே அப்பாதுகாப்புக்குக் காரணம். சுதந்திரம் வந்ததும் அந்நிழல் அகன்றது.

அன்றைய மக்ரிப் கரையில் நான்கு ஆட்சிகள் இருந்தன. மொரோக்கோ சுதந்திர ஸுல்தானகமாக விளங்கியது. அல்ஜியர்ஸ், தூனிஸ், திரிப்பொலி ஆகிய மூன்றும் பெயரளவில் உஸ்மானிய சாம்ராஜ்யத்திற்குக் கட்டுப்பட்டிருந்தன. நடைமுறையில் தம் விருப்பப்படி போரும் சமாதானமும் செய்தன. தம்முடன் உடன்படிக்கை செய்யாத நாடுகளின் கப்பல்களைப் பிடிப்பதும், மாலுமிகளைச் சிறைப்படுத்தி அடிமை வேலை வாங்குவதும், மீட்புப் பணம் பெற்று விடுவிப்பதும் அவற்றின் வழக்கமாயிருந்தன. இந்த உண்மையை மறைப்பதில் எமக்கு எந்தப் பெருமையும் இல்லை. அதேவேளை இது ஒரு தரப்பின் வழக்கம் மாத்திரமல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். மால்ட்டாத் தீவைத் தளமாகக் கொண்ட கிறிஸ்தவ வீரர் அமைப்பும் முஸ்லிம் கப்பல்களைப் பிடித்து, அதிலிருந்தோரை அடிமைகளாக்கி வந்தது. ஐரோப்பிய வல்லரசுகளோ மக்ரிப் ஆட்சியாளர்களுக்குப் பணமும் பரிசுகளும் வழங்கித் தமது கப்பல்களைப் பாதுகாத்துக்கொண்டன. சிறிய போட்டி நாடுகளின் வணிகம் பாதிக்கப்படுவது அவற்றுக்கு இலாபமாகவும் இருந்தது.

மொரோக்கோ நீட்டிய கரம்

அமெரிக்க விடுதலைப் போர் இன்னும் முடிவடையாதிருந்த 1777 டிசம்பர் 20ஆம் திகதி, மொரோக்கோ ஸுல்தான் ஸீதி முஹம்மத் பின் அப்துல்லாஹ் ஓர் அறிவித்தலை வெளியிட்டார். அமெரிக்கக் கப்பல்கள் தனது துறைமுகங்களுக்குத் தடையின்றி வந்து போகலாம் என்பதே அதன் சாரம். போரின் முடிவு எவருக்கும் தெரியாத நேரத்தில், அந்நாட்டின் கொடியை ஏற்றுக்கொண்ட முதல் ஆட்சியாளர்களுள் அவரும் ஒருவராவார். வரிக்கும் கொள்ளைக்கும் பதிலாக வணிகத்தின் மூலம் தனது நாட்டை வளப்படுத்த வேண்டும் என்பது அவரது நோக்கமாக இருந்தது.

அமெரிக்கர்கள் இதற்கு உடனடியாகப் பதிலளிக்கவில்லை. ஆண்டுகள் கடந்தன. 1784 ஒக்டோபரில் ஸுல்தானின் கப்பல்கள் 'பெட்ஸி' என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்தன. ஆனால் அதன் மாலுமிகள் அடிமைகளாக்கப்படவில்லை. அவர்களைத் தடுத்து வைத்த ஸுல்தான், உடன்படிக்கைக்கு வருமாறு அமெரிக்காவுக்கு உணர்த்தினார். மறு ஆண்டு ஸ்பெயினின் மத்தியஸ்தத்துடன் அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

இதன் பின்னர் தோமஸ் பார்க்லே என்ற தூதுவர் மர்ராகிஷ் நகருக்கு அனுப்பப்பட்டார். ஹிஜ்ரி 1200 ஷஃபான் பிறை 25, அதாவது 1786 ஜூன் மாதத்தில், உடன்படிக்கையில் ஸுல்தானின் முத்திரை பதிக்கப்பட்டது. அமெரிக்காவின் சார்பில் அதில் கையொப்பமிட்டவர்கள் பாரிஸிலிருந்த தோமஸ் ஜெபர்சனும் இலண்டனிலிருந்த ஜோன் அடம்ஸுமாவர். இருவரும் பின்னர் ஜனாதிபதிகளானவர்கள். 1787 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் அதனை அங்கீகரித்தது.

அந்த உடன்படிக்கையின் இரண்டு அம்சங்களை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, ஆண்டுதோறும் கப்பம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. மற்றையது, இரு நாடுகளுக்கும் இடையே என்றேனும் போர் மூண்டாலும் கைதிகள் அடிமைகளாக்கப்படக்கூடாது. ஆளுக்கு ஆள் என்ற அடிப்படையில் பரிமாறிக்கொள்ளப்பட வேண்டும் என்று அதன் 16ஆவது பிரிவு வகுத்தது. அடிமை வியாபாரம் உலகெங்கும் கொடிகட்டிப் பறந்த ஒரு காலத்தில் எழுதப்பட்ட வாசகம் அது.

இலண்டனில் ஒரு சந்திப்பு

அதே 1786ஆம் ஆண்டு மார்ச் மாதம், அடம்ஸும் ஜெபர்சனும் இலண்டனில் திரிப்பொலியின் தூதுவர் அப்துர் ரஹ்மானைச் சந்தித்தனர். தமது நாடு எந்தத் தீங்கும் செய்யாதிருக்கையில் அதன் கப்பல்களைத் தாக்குவதற்கு நியாயம் யாது என அவ்விருவரும் வினவினர். தூதுவர் அதற்கு மார்க்கத்தின் பெயரால் நியாயம் கற்பித்ததாக அவர்கள் தமது அரசாங்கத்துக்கு அனுப்பிய அறிக்கை கூறுகின்றது. இஸ்லாத்தைத் தூற்ற விரும்புவோர் இன்றுவரை தவறாது எடுத்துக்காட்டுவது இந்த அறிக்கையையே.

அந்த அறிக்கையின் ஏனைய வரிகளையும் வாசிக்க வேண்டும். நிரந்தரச் சமாதானத்தின் விலை 30,000 கினி என்று தூதுவர் குறிப்பிட்டார். அதற்கு மேலாகப் பத்தில் ஒரு பங்கு தமக்குச் சேர வேண்டும் என்றும் கேட்டார். மார்க்கக் கடமை என்று ஒன்றைக் கூறிவிட்டு, அடுத்த நிமிடமே அதற்கு ஒரு விலையையும் தனக்கொரு தரகையும் நிர்ணயிப்பவரின் பேச்சில் மார்க்கம் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்பதை அறிவுடையோர் தீர்மானிக்கட்டும். மூன்று மாதங்களின் பின்னர் அதே மார்க்கத்தைப் பின்பற்றிய மொரோக்கோ ஸுல்தான் கப்பமின்றி உடன்படிக்கை செய்தார். ஒரே வேதம், ஒரே ஆண்டு, இரண்டு நடத்தைகள். வேறுபாடு மார்க்கத்தில் இருக்கவில்லை. ஆட்சியாளரின் நோக்கத்தில் இருந்தது.

அச்சந்திப்பு அவ்விரு அமெரிக்கர்களிடையேயும் கருத்து வேறுபாட்டைத் தோற்றுவித்தது. போரைவிடப் பணம் கொடுப்பதே மலிவானது என்றார் அடம்ஸ். கொடுக்கக் கொடுக்கக் கேள்வி பெருகும், ஆகவே கடற்படை அமைத்துப் போரிடுவதே மேல் என்றார் ஜெபர்சன். பின்னர் ஜனாதிபதியானபோது ஒவ்வொருவரும் தமது கருத்தைப் பரீட்சித்துப் பார்க்கும் வாய்ப்பைப் பெற்றனர்.

வோஷிங்டனும் அல்ஜியர்ஸ் கைதிகளும்

1785 ஜூலையில் 'மரியா', 'டோபின்' என்ற இரு அமெரிக்கக் கப்பல்களை அல்ஜியர்ஸ் கைப்பற்றியது. 21 பேர் சிறைப்பட்டனர். அவர்களை மீட்க அந்நாட்டிடம் பணமும் இருக்கவில்லை; படையும் இருக்கவில்லை.

1789இல் ஜோர்ஜ் வோஷிங்டன் முதலாவது ஜனாதிபதியானார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மொரோக்கோ ஸுல்தானுக்கு ஒரு கடிதம் வரைந்தார். தமது நாட்டில் தங்கச் சுரங்கமோ வெள்ளிச் சுரங்கமோ இல்லை என்றும், போரின் அழிவிலிருந்து இப்போதுதான் மீண்டு வருகின்றோம் என்றும் அதில் ஒளிவுமறைவின்றி எழுதினார். தூனிஸிடமும் திரிப்பொலியிடமும் தமக்காகப் பேச ஸுல்தான் முன்வந்தமைக்கு நன்றியும் தெரிவித்தார்.

1793இல் பிரித்தானியாவும் பிரான்ஸும் போரில் இறங்கின. பிரான்ஸ் விடுதலைப் போரில் அமெரிக்காவுக்குத் தோள்கொடுத்த நாடு; பிரித்தானியா அதன் வணிகத்தில் பெரும்பகுதிக்குச் சந்தையாக இருந்த நாடு. வோஷிங்டன் அவ்வாண்டு ஏப்ரல் 22ஆம் திகதி நடுநிலைமைப் பிரகடனத்தை வெளியிட்டார். பிரான்ஸின் தூதுவர் ஜெனே அமெரிக்கத் துறைமுகங்களிலேயே போர்க் கப்பல்களைத் தயார்படுத்த முயன்றார். பிரித்தானியாவோ கரிபியன் கடலில் நூற்றுக்கணக்கான அமெரிக்கக் கப்பல்களைக் கைப்பற்றியது. பிரித்தானியாவுடன் போரைத் தவிர்ப்பதற்காக 1794 நவம்பரில் ஜோன் ஜே செய்த உடன்படிக்கை உள்நாட்டில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. வீதிகளில் அவரது கொடும்பாவிகள் எரிக்கப்பட்டன. ஆயினும் வோஷிங்டன் அதனை ஏற்றுக் கையொப்பமிட்டார்.

இதே 1793இல் அல்ஜியர்ஸுக்கும் போர்த்துக்கலுக்கும் இடையே பிரித்தானிய மத்தியஸ்தத்தில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. அதுவரை ஜிப்ரால்டர் நீரிணையைக் காவல் காத்து நின்ற போர்த்துக்கீசக் கப்பல்கள் விலகியதும், அல்ஜியர்ஸ் கப்பல்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தினுள் நுழைந்தன. சில வாரங்களுக்குள் 11 அமெரிக்கக் கப்பல்கள் பிடிக்கப்பட்டு, நூற்றுக்கும் அதிகமானோர் சிறைப்பட்டனர். 1794 மார்ச் 27ஆம் திகதி ஆறு போர்க்கப்பல்களைக் கட்டுவதற்குக் காங்கிரஸ் சட்டமியற்றியது. அமெரிக்கக் கடற்படையின் மறுபிறப்பு அதுவேயாகும்.

கப்பல்கள் கட்டி முடியும்வரை கைதிகள் காத்திருக்க முடியாது. 1795 செப்டெம்பரில் அல்ஜியர்ஸுடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. 642,500 டொலர் பணமும், ஆண்டுதோறும் 21,600 டொலர் பெறுமதியான கப்பற் பொருட்களும் தருவதாக வாக்களிக்கப்பட்டது. 1796இல் கைதிகள் விடுதலையானபோது, முதலில் பிடிபட்டோர் பதினொரு ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தனர். சிலர் கொள்ளை நோய்க்குப் பலியாகியிருந்தனர்.

அக்கைதிகளுக்காக அமெரிக்க மக்கள் கண்ணீர் வடித்தனர், நிதி திரட்டினர். அது மனித இயல்பு. ஆனால் 1790ஆம் ஆண்டின் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி அதே நாட்டில் ஏறத்தாழ ஏழு இலட்சம் ஆபிரிக்கர்கள் அடிமைகளாக இருந்தனர். இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியவர் அவர்களுள் ஒருவரே. பெஞ்சமின் பிராங்க்ளின் தமது மரணத்திற்கு ஒரு மாதத்திற்கு முன்னர், 1790 மார்ச்சில், அல்ஜியர்ஸ் நாட்டுப் பிரமுகர் ஒருவர் கிறிஸ்தவ அடிமைகளை விடுவிக்கக்கூடாது என்று வாதிடுவதுபோல் ஒரு கற்பனை உரையைப் பத்திரிகையில் எழுதினார். அவ்வாதங்கள் யாவும் ஆபிரிக்க அடிமைகளை விடுவிக்க மறுத்து அமெரிக்கக் காங்கிரஸில் பேசிய ஓர் உறுப்பினரின் வாதங்களின் மறுபதிப்பாகவே இருந்தன. பிறர் செய்யும்போது குற்றமாகத் தெரிவது தாம் செய்யும்போது வழக்கமாகத் தெரிகின்றது என்பதை அவர் தம் நாட்டவருக்கு உணர்த்தினார்.

அடம்ஸின் காலம்: ஒரு வாசகமும் ஒரு கையூட்டும்

1797இல் ஜோன் அடம்ஸ் இரண்டாவது ஜனாதிபதியானார். அவ்வாண்டு ஜூன் 7ஆம் திகதி செனட் சபை திரிப்பொலியுடனான உடன்படிக்கையை ஏகமனதாக அங்கீகரித்தது. 10ஆம் திகதி அடம்ஸ் கையொப்பமிட்டார். அதன் ஆங்கில வாசகத்தின் 11ஆவது பிரிவு பிரசித்தமானது. அமெரிக்க அரசாங்கம் எவ்வகையிலும் கிறிஸ்தவ மதத்தின்மீது அமைக்கப்பட்டதன்று என்றும், முஸ்லிம்களின் சட்டங்கள்மீதோ மார்க்கத்தின்மீதோ அமைதியின்மீதோ அதற்கு எந்தப் பகைமையும் இல்லை என்றும், மதக் கருத்துக்களிலிருந்து எழும் எக்காரணமும் இரு நாடுகளின் இணக்கத்தைக் குலைக்கலாகாது என்றும் அது கூறியது.

இங்கு ஓர் ஆய்வுச் செய்தியையும் குறிப்பிடுதல் நேர்மையாகும். உடன்படிக்கையின் அரபுப் பிரதியை ஒல்லாந்து அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரொன்யே ஆராய்ந்தார். அதில் அப்பிரிவு இல்லை என்பதும், அவ்விடத்தில் அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் திரிப்பொலிப் பாஷாவுக்கு எழுதிய கடிதமொன்றே காணப்படுகின்றது என்பதும் 1930இல் தெரியவந்தன. எனினும் அமெரிக்கச் செனட் வாசித்து ஏற்றுக்கொண்டது ஆங்கில வாசகத்தையே. ஆகவே அது அந்நாட்டின் முதல் தலைமுறைத் தலைவர்கள் அறிந்து ஒப்பிய கூற்று என்பதில் ஐயமில்லை.

அதே 1797இல் அடம்ஸ் மூன்று தூதுவர்களைப் பாரிஸுக்கு அனுப்பினார். பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் தலேராந்தின் ஆட்கள், பேச்சுவார்த்தை தொடங்குவதற்கே ஏறத்தாழ 250,000 டொலர் கையூட்டும் பெருந்தொகைக் கடனும் கேட்டனர். தூதுவர்கள் மறுத்தனர். விளைவாக 1798 முதல் 1800 வரை பிரான்ஸுடன் பிரகடனம் செய்யப்படாத ஒரு கடற்போர் நடைபெற்றது. அல்ஜியர்ஸில் கேட்டால் கப்பம், பாரிஸில் கேட்டால் கையூட்டு. பேராசைக்கு மதமோ கண்டமோ கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமது கட்சியினரே முழுப் போரை வலியுறுத்தியபோதும் அடம்ஸ் மீண்டும் தூதுவர்களை அனுப்பி, 1800 செப்டெம்பரில் பிரான்ஸுடன் சமாதானம் செய்தார். அவ்வாண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். ஆயினும், பிரான்ஸுடனான சமாதானத்தின் பொறுப்பை ஏற்றவர் என்பதொன்றே தமது கல்லறையில் எழுதப்பட்டால் போதும் என்று பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார்.

ஜெபர்சனின் போர்

பணம் கொடுக்கும் வழி நாளுக்கு நாள் இழிவைத் தேடித்தந்தது. 1800இல் கப்பத்தைச் சுமந்து சென்ற அமெரிக்கப் போர்க்கப்பலொன்றை, அல்ஜியர்ஸ் கொடியை ஏற்றித் தமது தூதுவரை இஸ்தான்பூலுக்குக் கொண்டு செல்லுமாறு அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் பணித்தார். பீரங்கிகளின் முன்னே நின்ற கப்டன் பெயின்பிரிட்ஜ் அதற்கு உடன்பட வேண்டியதாயிற்று. அக்கப்பலின் பெயர் 'ஜோர்ஜ் வோஷிங்டன்' என்பதாகும்.

அல்ஜியர்ஸுக்குக் கிடைப்பதைப் பார்த்த திரிப்பொலியின் யூஸுப் பாஷா கரமன்லி தனது பங்கையும் உயர்த்திக் கேட்டார். ஆண்டுக் கப்பம் இல்லை என்று எழுதப்பட்ட உடன்படிக்கை நான்கு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1801 மே மாதத்தில் அமெரிக்கத் தூதரகத்தின் கொடிக்கம்பத்தை வெட்டி வீழ்த்திப் பாஷா போரை அறிவித்தார். புதிதாகப் பதவியேற்றிருந்த ஜெபர்சன் அச்செய்தி தம்மை எட்டுவதற்கு முன்னரே கப்பற்படையொன்றை அனுப்பத் தீர்மானித்திருந்தார்.

போர் எளிதில் முடியவில்லை. 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி 'பிலடெல்பியா' என்ற பெரிய போர்க்கப்பல் திரிப்பொலித் துறைமுகத்தருகே பாறையில் சிக்கியது. 307 பேர் கைதாயினர். 1804 பெப்ரவரியில் ஸ்டீபன் டிகேற்றர் இரவில் புகுந்து அக்கப்பலை எரித்தார். ஆயினும் கைதிகள் திரிப்பொலியிலேயே இருந்தனர்.

அடுத்து நிகழ்ந்தது நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியதாகும். பாஷாவின் மூத்த சகோதரர் அஹ்மத் கரமன்லி ஆட்சியை இழந்து எகிப்தில் தஞ்சமடைந்திருந்தார். வில்லியம் ஈற்றன் என்ற அமெரிக்கர் அவரை அரியணையில் அமர்த்துவதாகக் கூறிச் சேர்த்துக்கொண்டு, அலெக்ஸாந்திரியாவிலிருந்து பாலைவனம் வழியாகச் சுமார் 500 மைல் கடந்து, 1805 ஏப்ரல் 27இல் தெர்னா நகரைக் கைப்பற்றினார். இந்த அச்சுறுத்தல் யூஸுப் பாஷாவைச் சமாதானத்திற்கு இணங்க வைத்தது. ஜூன் மாதத்தில் 60,000 டொலருக்குக் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். அஹ்மத் கைவிடப்பட்டார். அவரை நம்பித் திரண்ட தெர்னா மக்கள் கரையில் நிற்க, அவரும் அமெரிக்கர்களும் இரவில் கப்பலேறினர். அவரது மனைவி மக்களை மேலும் நான்கு ஆண்டுகள் பாஷா தடுத்து வைத்திருக்க ஓர் இரகசியப் பிரிவு இடமளித்திருந்தது. சகோதரனுக்கு எதிராக அந்நியரின் படையில் ஏறியவருக்கு எஞ்சியது, அமெரிக்கக் காங்கிரஸ் வழங்கிய சிறு உதவித்தொகை மாத்திரமே. அவரது பங்காளிகள் வாக்குறுதியையும் தேவையையும் ஒன்றாகவே கருதினர். தேவை முடிந்தபோது வாக்குறுதியும் முடிந்தது.

இப்போரின்போது மொரோக்கோவுடனும் ஒரு நெருக்கடி எழுந்தது. திரிப்பொலியின் கடல் முற்றுகையால் மனக்கசப்புற்ற ஸுல்தான் மவ்லாய் ஸுலைமான் 1802இல் போரை அறிவித்தார். மறு ஆண்டு இரு தரப்பும் ஒன்றையொன்று பிடித்த கப்பல்களைத் திருப்பிக் கொடுத்தன. தமது தந்தை செய்த 1786ஆம் ஆண்டின் உடன்படிக்கையை ஸுல்தான் மீண்டும் உறுதிப்படுத்தினார். அங்கு திரும்பிச் செல்வதற்கு நேர்மையான ஒரு வாக்கு இருந்தது. திரிப்பொலியில் அத்தகைய ஒன்று இருக்கவில்லை.

போரின் மத்தியிலும் மரியாதைக்கு இடம் இருந்தது. முற்றுகையில் கைப்பற்றப்பட்ட கப்பல்கள் பற்றிப் பேசுவதற்குத் தூனிஸின் தூதுவர் ஸுலைமான் மெல்லிமெல்லி 1805 நவம்பர் இறுதியில் வோஷிங்டனை வந்தடைந்தார். டிசம்பர் 9ஆம் திகதி ஜெபர்சன் அவரை விருந்துக்கு அழைத்தார். அது ரமழான் மாதம். வழமையாகப் பிற்பகல் மூன்றரை மணிக்கு இடம்பெறும் விருந்து, தூதுவர் நோன்பு திறக்கும் பொருட்டுச் சரியாகச் சூரிய அஸ்தமன வேளைக்கு மாற்றப்பட்டது. அவ்விருந்தில் கலந்துகொண்டு அதனைத் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தவர் செனட் உறுப்பினர் ஜோன் குயின்சி அடம்ஸ். இரண்டாவது ஜனாதிபதியின் புதல்வரான அவரைச் சற்று நேரத்தில் மீண்டும் சந்திப்போம்.

மெடிசனும் இரண்டு போர்களும்

ஐரோப்பாவில் நெப்போலியனின் போர்கள் கடுமையடைந்தன. பிரித்தானியக் கடற்படை அமெரிக்கக் கப்பல்களை நிறுத்தி ஆயிரக்கணக்கான மாலுமிகளைப் பலவந்தமாகத் தமது சேவைக்கு இழுத்துச் சென்றது. கைதான அமெரிக்க மாலுமிகளின் தொகையில் மக்ரிப் ஆட்சிகள் எவையும் பிரித்தானியாவை நெருங்கவில்லை. 1807 ஜூனில் 'செசபீக்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைச் சுட்டு நால்வரைக் கொண்டு சென்றது பிரித்தானியா. ஜெபர்சன் போருக்குப் பதிலாக வெளிநாட்டு வணிகத்தையே தடை செய்தார். 1807இல் 108 மில்லியன் டொலராயிருந்த ஏற்றுமதி 1808இல் 22 மில்லியனாக வீழ்ந்தது. துன்பப்பட்டவர்கள் சொந்த நாட்டு வணிகரும் விவசாயிகளுமே.

நான்காவது ஜனாதிபதி ஜேம்ஸ் மெடிசனின் காலத்தில், 1812 ஜூன் 18ஆம் திகதி பிரித்தானியாவுடன் போர் அறிவிக்கப்பட்டது. 1814 ஓகஸ்ட் 24ஆம் திகதி தலைநகர் வோஷிங்டனே தீயிடப்பட்டது. ஜனாதிபதி மாளிகை எரிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 24இல் கென்ட் நகரில் சமாதானம் கைச்சாத்தானபோது, எல்லைகள் போருக்கு முன்னிருந்த இடத்திலேயே இருந்தன. மாலுமிகள் விவகாரம் பற்றி உடன்படிக்கையில் ஒரு வரியும் இடம்பெறவில்லை.

1812இல் அல்ஜியர்ஸ் அமெரிக்கத் தூதுவரை வெளியேற்றி ஒரு கப்பலைப் பிடித்திருந்தது. பிரித்தானியாவுடனான போர் ஓய்ந்ததும் 1815இல் டிகேற்றர் தலைமையில் கப்பற்படை அனுப்பப்பட்டது. அல்ஜியர்ஸின் புகழ்பெற்ற கப்பற் தலைவர் ஹமீதோ ரஈஸ் அச்சமரில் கொல்லப்பட்டார். கப்பம் இல்லாத உடன்படிக்கை பீரங்கி வாயில் பெறப்பட்டது. 1816இல் பிரித்தானியாவும் ஒல்லாந்தும் அல்ஜியர்ஸைக் குண்டுவீசித் தாக்கின. 1830இல் பிரான்ஸ் அதனை ஆக்கிரமித்தது; 1962 வரை அத்தேசம் விடுதலை காணவில்லை. உடன்படிக்கைகளை வருமானமாக மாத்திரம் கருதிய ஓர் ஆட்சிக்கு, இடர் வந்தபோது கைகொடுக்க ஒரு நட்பு நாடும் இருக்கவில்லை.

வாக்கு நிலைத்த இடம்

இனி மொரோக்கோவுக்குத் திரும்புவோம். 1821இல் ஸுல்தான் மவ்லாய் ஸுலைமான் தன்ஜியர் நகரில் ஒரு கட்டடத்தை அமெரிக்காவுக்கு அன்பளிப்புச் செய்தார். வெளிநாட்டில் அமெரிக்க அரசு பெற்ற முதலாவது சொத்து அதுவாகும். அந்த நட்பு எதிர்பாராத ஓரிடத்தில் பயன் தந்தது.

மேற்கு ஆபிரிக்காவின் பூத்தா ஜல்லோன் பிரதேசத்து ஆட்சியாளரின் மகன் அப்துர் ரஹ்மான். கல்வி கற்ற முஸ்லிம், படைத் தலைவர். 1788இல் போரில் பிடிபட்டு விற்கப்பட்டு, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாச்செஸ் நகரில் ஒரு தோட்ட உரிமையாளரின் அடிமையானார். நாற்பது ஆண்டுகள் பருத்தி வயலில் கழிந்தன. 1826இல் அவர் அரபு மொழியில் எழுதிய மடல் ஒரு செனட் உறுப்பினரின் உதவியால் தன்ஜியரிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தை அடைந்து, மொரோக்கோ ஸுல்தானின் கைக்குச் சென்றது. அரபு எழுத்தைக் கண்டோர் அவரை மொரோக்கோ நாட்டவர் என எண்ணினர். ஸுல்தான் அவரது விடுதலையைக் கோரினார். அக்கோரிக்கையை ஏற்று நடவடிக்கை எடுத்த ஜனாதிபதி, அன்று சூரிய அஸ்தமன விருந்தில் அமர்ந்திருந்த ஜோன் குயின்சி அடம்ஸ். 1828இல் அப்துர் ரஹ்மான் விடுதலையானார். பிள்ளைகளின் மீட்புக்காக நிதி திரட்டிய பின் மனைவியுடன் ஆபிரிக்கா திரும்பிய அவர், பிறந்த ஊரைக் காணாமலேயே 1829இல் லைபீரியாவில் மரணமானார். அவரது மக்களுள் அனைவரையும் அப்பணத்தால் மீட்க முடியவில்லை.

அவரது விடுதலைக்கு வழிவகுத்தது எந்தப் பீரங்கியும் அன்று. எந்தக் கப்பமும் அன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் மர்ராகிஷில் முத்திரையிடப்பட்ட ஒரு வாக்கு இரு அரசுகளிடையே உயிரோடு இருந்தமையால், ஓர் அரசன் கேட்கவும் ஒரு ஜனாதிபதி செவிசாய்க்கவும் முடிந்தது.

படிப்பினை

அன்புக்குரியோரே! அல்ஜியர்ஸுக்குக் கொடுத்த பொன் கரைந்தது. திரிப்பொலியில் முழங்கிய பீரங்கிகள் ஓய்ந்தன. 1786ஆம் ஆண்டின் மொரோக்கோ உடன்படிக்கை 1836இல் புதுப்பிக்கப்பட்டு இன்றுவரை நடைமுறையில் உள்ளது.

இவ்வரலாறு முழுவதும் மார்க்கத்தின் பெயர் பலமுறை உச்சரிக்கப்பட்டது. ஆனால் எந்தப் போரையும் மார்க்கம் தோற்றுவிக்கவில்லை. பணமும் வணிகமும் பதவியும் தோற்றுவித்த பகைமைகளுக்குப் பின்னர் மார்க்கத்தின் போர்வை போர்த்தப்பட்டது. உடன்படிக்கையைப் பேணுமாறு பணிக்கும் மார்க்கத்தை, உடன்படிக்கையை முறிப்பதற்குச் சாட்சியாக அழைப்பது அதற்கு இழைக்கும் அநீதியாகும். எதிர்த்தரப்பின் அநீதியைக் காட்டி எமது தரப்பின் அநீதியை மூடுவதும் அவ்வாறே. அல்ஜியர்ஸின் சிறையிலிருந்த மாலுமியும் நாச்செஸின் வயலிலிருந்த அப்துர் ரஹ்மானும் அனுபவித்தது ஒரே துயரத்தையே.

ஆகவே, எவரேனும் எம்மிடம் வந்து இரு சமூகங்கள் தொன்றுதொட்டுப் பகைவர்கள் என்று கூறினால், பகைத்த நாட்களைப் போலவே வாக்குக் காத்த நாட்களையும் எண்ணிக் காட்டுமாறு கேட்போமாக. கொடுத்த வாக்கைக் காப்பவன் தனக்கு மாத்திரம் நன்மை செய்துகொள்வதில்லை. தான் கண்டிராத, பெயரும் அறிந்திராத ஒரு மனிதனின் விலங்கு உடைவதற்கும் அவன் காரணமாகலாம்.